ஹான்ஸ் கழுத்துக் காப்பு: கோணமும் பெல்ட்டும் சரியாக அமைந்தால்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறோம். ஐந்து முனை, ஆறு முனை பெல்ட் (காரோடு ஐந்து, ஆறு இடங்களில் பிணைத்த பந்தய பெல்ட்) கட்டிக்கொண்டு பந்தயப் பாதையில் இறங்குகிறவர் யாராக இருந்தாலும் ஹான்ஸ் போடாமல் இறங்கக் கூடாது. கையில் பணம் குறைவு என்றால், பளபளப்பான விலை உயர்ந்த ஹெல்மெட்டை விட்டுவிட்டு, தரச்சான்று உள்ள நடுத்தர ஹெல்மெட்டாக எடுத்து, மிச்சத்தை இதில் போடுங்கள். ஆனால் பெட்டியைப் பிரித்துத் தோளில் மாட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும். ஹான்ஸ் தனியாக எதையும் தாங்குவதில்லை. ஹெல்மெட், வார், நுகம், தோள் பெல்ட், சீட் என்று நீளும் சங்கிலியில் அது நடுக் கண்ணி. இதைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி மற்ற கண்ணிகளின் பிசகுதான்.

பொருளைப் பார்த்திராதவர்களுக்கு: மாட்டின் கழுத்தில் வைக்கும் நுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கார்பன் இழையிலோ உறுதியான பிளாஸ்டிக்கிலோ செய்த ஒரு வளைவு. இரண்டு கால்கள் தோள் வழியாக மார்பின் மேல் இறங்கும். பின்கழுத்துக்குப் பின்னால் ஒரு காலர் எழும்பி நிற்கும். அந்தக் காலரிலிருந்து ஒரு வார் புறப்பட்டு ஹெல்மெட்டின் இரு பக்கமும் மாட்டிக்கொள்ளும். தோள் பெல்ட் நுகத்தின் கால்கள் மேல் ஏறி அதை உடம்போடு அழுத்திப் பிடிக்கும். பேட்டரி, மோட்டார், சென்சார் எதுவும் இல்லை.

வேலை செய்வது இப்படி. கார் சுவரில் முட்டி நிற்கிறது. பெல்ட் மார்பையும் இடுப்பையும் பிடித்துவிடுகிறது. தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை, அது போன வேகத்திலேயே முன்னே பாய்கிறது. தலை சுமார் நாலரைக் கிலோ, ஹெல்மெட் ஒன்றரைக் கிலோ, ஆக ஆறு கிலோ. புவியீர்ப்பின் 50 மடங்கு வேகக்குறைவு என்றால் அந்த ஆறு கிலோ 300 கிலோ பாரமாகக் கழுத்தை இழுக்கும். 70 மடங்கு என்றால் 420 கிலோ. எந்தப் பயிற்சி செய்த கழுத்தும் இதற்கு ஈடுகொடுக்காது. மண்டையோட்டின் அடித்தட்டு முதுகெலும்போடு சேரும் இடத்தில் விரிசல் விடுகிறது, மூளைத்தண்டை ஒட்டிய ரத்தக் குழாய்கள் கிழிகின்றன. தலை எதிலும் இடிக்காமலே இது நடந்துவிடும் என்பதால் ஹெல்மெட் மட்டும் இதைத் தடுக்காது. ஹான்ஸ் இருந்தால் தலை முன்னே பாயும்போது வார் விறைத்து அதை இழுத்துப் பிடிக்கிறது. இழுவிசை கழுத்தை விட்டு வாருக்கும், வாரிலிருந்து நுகத்துக்கும், நுகத்திலிருந்து தோள் பெல்ட்டுக்கும் போகிறது. தலையும் மார்பும் ஒன்றாக நிற்கின்றன.

இதைக் கண்டுபிடிக்கத் தூண்டியவர் ஒரு ஓட்டுநர் என்பது பொருளைக் கையில் எடுத்தாலே தெரியும். ஜிம் டௌனிங் அட்லாண்டாக்காரர். மாஸ்டா வண்டிகளில் ஓடி, ஐம்சா என்ற அமெரிக்கப் பந்தயத் தொடரில் 1982இல் ஜிடியூ பிரிவுப் பட்டம், பிறகு 1985, 1986, 1987 மூன்று ஆண்டும் கேமல் லைட்ஸ் பிரிவுப் பட்டம் வென்றவர். 1981இல் மிட்-ஓஹையோ பாதையில் நடந்த சோதனை ஓட்டத்தில் சக ஓட்டுநர் பாட்ரிக் ஜாக்மார் இதே மண்டையோட்டு முறிவால் இறந்தார். டௌனிங் தன் மைத்துனர் ராபர்ட் ஹப்பர்டிடம் போய் இதற்கு வழி கேட்டார். ஹப்பர்ட் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிர்இயந்திரவியல் பேராசிரியர். அதற்கு முன் ஜெனரல் மோட்டார்ஸில் மோதல் காயங்களை ஆராய்ந்தவர். 1980களின் நடுவில் முதல் மாதிரி உருவானது. டௌனிங் அதைத் தானே போட்டுக்கொண்டு பந்தயம் ஓடினார். 1989இல் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சோதனைப் பொம்மையை வைத்து மோதவிட்டுப் பார்த்தார்கள். தயாரிக்க வேறு யாரும் முன்வராததால் 1991இல் இருவரும் சொந்தமாகவே நிறுவனம் தொடங்கினார்கள்.

அதன் பிறகும் பத்தாண்டு அதிகம் பேர் வாங்கவில்லை. பருமனாக இருக்கிறது, கழுத்தைக் கட்டிப்போடுகிறது, தீப்பிடித்தால் இறங்க முடியாது என்றார்கள். 1994இல் இமோலாவில் ரோலண்ட் ராட்சன்பெர்கர், 2000இல் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனாவில் டேல் எர்ன்ஹார்ட் என்று ஓட்டுநர்கள் அடுத்தடுத்து இந்த ஒரே முறிவுக்குப் பலியானார்கள். அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் 2001 அக்டோபரில் ஹான்ஸோ அதைப் போன்ற வேறொரு தலை-கழுத்துக் காப்போ வேண்டும் என்றும், ஃபார்முலா ஒன் 2003இல் ஹான்ஸ் வேண்டும் என்றும் கட்டாயமாக்கின. இன்று ஹான்ஸ் விற்பது சிம்ப்சன் நிறுவனம். அதைத் தொடங்கிய பில் சிம்ப்சனும் ஓட்டுநர்தான், 1974 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் ஓடியவர்.

ஓட்டுநரின் கை எங்கே தெரிகிறது என்றால், இது காரோடு எங்கேயும் கட்டப்படவில்லை. தலையை சீட்டோடு கட்டிவைப்பதுதான் எளிதான வழி. ஆனால் பெல்ட் இளகி உடம்பு முன்னே நகரும்போது தலை மட்டும் பின்னே நின்றால் கழுத்துக்கு அதுவே கேடு. தீயில் இறங்கி ஓடவும் முடியாது. ஹான்ஸ் உடம்போடு நகர்கிறது, பெல்ட்டைத் திறந்ததும் உடம்போடு வெளியே வந்துவிடுகிறது. பக்கக் கண்ணாடியைப் பார்க்கவும் வளைவின் உள்ளே எட்டிப் பார்க்கவும் தலை திரும்ப வேண்டும் என்பதும் யோசிக்கப்பட்டிருக்கிறது. இப்போது வரும் நகரும் வார் காலருக்குள் இடமும் வலமும் வழுக்கிப் போகும். பழைய நிலையான வாரில் திரும்பும் அளவு குறைவு. வாங்கும்போது நகரும் வார் உள்ளதா என்று கேட்டு எடுங்கள், பழையதைத் தேடிப் போகக் காரணமே இல்லை.

இனி வாங்குவது. இரண்டு அளவு பார்க்க வேண்டும்: கோணம், கழுத்து.

கோணம் என்பது சீட்டில் நீங்கள் எவ்வளவு சாய்ந்து உட்காருகிறீர்கள் என்பதற்கு ஏற்றது. 10, 20, 30, 40 பாகை என்று வருகிறது. சாதாரண உடலமைப்புக் கார்கள், ராலி, ஜிடி என்று நிமிர்ந்து உட்காரும் வண்டிகள் பெரும்பாலானவற்றுக்கு 20 பாகை சரி. ஃபார்முலா வண்டியில் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு 30, மிகவும் சாய்ந்தவருக்கு 40. லாரியில் உட்காருவதுபோல் நேர்க்குத்தாக இருந்தால் 10. பலர் பிசகுவது இங்கேதான். நண்பர் கொடுத்த 30 பாகை நுகத்தை நிமிர்ந்த சீட்டில் போட்டால் கால்களின் நுனி மார்பை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கும், அல்லது காலர் ஹெல்மெட்டை முன்னே தள்ளும். முகவாய் மார்பில் இடிப்பதுபோல் இருக்கிறது, அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கிறது என்று சொல்கிறவர்களில் பலர் கோணத்தைத் தவறாக எடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள். கடையில் நின்றபடி போட்டுப் பார்ப்பது எதற்கும் உதவாது. உங்கள் சீட்டில் உட்கார்ந்து, பந்தய உடையோடு, பெல்ட்டை முழுசாக இறுக்கிய பிறகு பாருங்கள்: நுகத்தின் கால்கள் முழு நீளமும் மார்பில் படிய வேண்டும். நேராகப் பார்க்கும்போது ஹெல்மெட் காலர் மேல் சாய்ந்திருக்கக் கூடாது.

கழுத்தளவு எளிது. சுற்றளவு 15 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் சிறியது, 15 முதல் 18 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. எல்லையில் இருப்பவர் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். உள்விளிம்பு கழுத்தை உரசினால் அது உங்களுக்குச் சிறியது. தோளில் பக்கவாட்டில் ஆடினால் உங்களுக்குப் பெரியது. பெண்கள் பலருக்குச் சுற்றளவை விடக் கால்கள் மார்பில் எங்கே ஊன்றுகின்றன என்பதே முக்கியம். நடுவில் உயர்ந்து நுனி மட்டும் அந்தரத்தில் நின்றால் வேறு கோணமோ வேறு மாடலோ பார்க்க வேண்டும்.

கார்பனா பிளாஸ்டிக்கா என்ற கேள்விக்கு ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். கார்பன் இலேசானது, அரைக் கிலோ ஒட்டி வரும். காப்பு இரண்டுக்கும் ஒரே சோதனைதான். பந்தயப் பாதுகாப்புப் பொருள்களுக்கான அமெரிக்கத் தரமான எஸ்.எஃப்.ஐ 38.1 சோதனையில் நேர் மோதலிலும் 30 பாகை சாய்ந்த மோதலிலும் கழுத்து இழுவிசை 4000 நியூட்டனுக்குக் கீழே நிற்க வேண்டும். விலை குறைந்த பிளாஸ்டிக் நுகமும் அதைத் தாண்டித்தான் கடைக்கு வருகிறது. நீண்டதூரப் பந்தயத்தில் ஒரே ஆள் மூன்று மணி நேரம் ஓட்டுகிறார் என்றால் கார்பனுக்குப் பணம் போடலாம். இருபது நிமிட ஓட்டத்துக்கு அந்தப் பணத்தில் நல்ல பெல்ட் வாங்குங்கள்.

பெல்ட் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் ஹான்ஸ் தோற்றுப்போகும் இடம் இதுதான். நுகத்தைப் பிடித்து வைத்திருப்பது தோள் பெல்ட் மட்டும். மோதலின்போது பெல்ட் நுகத்தை விட்டுப் பக்கவாட்டில் நழுவிவிட்டால் தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. கூடவே மார்பைப் பிடித்த பெல்ட்டும் இளகிப்போகும். அதனால் பெல்ட் பின்னால் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். தோளிலிருந்து பின்னோக்கிக் கிடைமட்டமாகவோ, 20 பாகைக்குள் கீழிறங்கியோ போக வேண்டும். அதற்கு மேல் சரிந்து தரைக்குப் போனால் மோதலில் பெல்ட் முதுகெலும்பைக் கீழ்நோக்கி நசுக்கும். இரண்டு பட்டைகளும் பின்னே போகப்போக ஒன்றையொன்று நெருங்கி வர வேண்டும். தோள் அகலத்துக்கு விரித்துக் கட்டிய பெல்ட் சாதாரண ஓட்டத்தில் ஒன்றும் காட்டாது. ஓரமாய் மோதினால் ஒரு பக்கம் நுகத்தை விட்டு இறங்கிவிடும். குறுக்குக் கம்பியில் பெல்ட் சுற்றியிருக்கிற இடத்தில் அது பக்கவாட்டில் ஊர்ந்து விலகாதபடி தடுப்பு இருக்கிறதா என்றும் கையால் தள்ளிப் பாருங்கள்.

பட்டை அகலம் 3 அங்குலமா 2 அங்குலமா? இரண்டும் ஓடும். ஆனால் 2 அங்குலப் பட்டை நுகத்தின் பள்ளத்துக்குள் கச்சிதமாக உட்காரும், மடங்காது. 3 அங்குலம் உள்விளிம்பில் சுருண்டு மேலேறப் பார்க்கும். புதிதாக வாங்குவதானால் 2 அங்குலமே மேல். ஒரு எச்சரிக்கை: ஹான்ஸுக்கு மட்டும் என்று குறித்த 2 அங்குலத் தோள் பெல்ட்டை ஹான்ஸ் இல்லாமல் போடவே கூடாது. குறுகிய பட்டை நேரடியாகக் காறை எலும்பில் இறங்கும். ஒரே காரை இருவர் பகிர்ந்து ஓட்டும்போது இது நடந்துவிடுகிறது.

சீட்டிலும் இரண்டு இடம் கவனிக்க வேண்டும். பெல்ட் நுழையும் துளை நுகத்தின் கனத்தைக் கணக்கில் எடுத்து உயரமாக இருக்க வேண்டும். துளையின் மேல்விளிம்பு பெல்ட்டைக் கீழே அழுத்தினால் பெல்ட் நுகத்தின் மேல் சரியாக ஓடாது. அடுத்து, முதுகுப் பஞ்சு தடித்திருந்தால் காலரை முன்னே தள்ளும். சீட்டில் காலருக்கு இடம் இல்லையென்றால் எந்தக் கோணம் வாங்கினாலும் சரிவராது.

ஹெல்மெட்டில் எம்6 அளவு ஆங்கர் (வாரை மாட்டும் சிறு குமிழ்) திருகும் துளை வேண்டும். ஸ்னெல் என்ற ஹெல்மெட் தரச்சான்று அமைப்பின் எஸ்ஏ2010 தரம் முதல் வந்த ஹெல்மெட்டுகளில் அது ஆலையிலேயே அமைந்திருக்கும். அதற்கு முந்தைய ஹெல்மெட்டில் துளையிடுகிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிட்டுப் புது ஹெல்மெட் வாங்குங்கள். எப்படியும் அதன் காலம் முடிந்திருக்கும். பின்பக்கம் பெரிய காற்றுத் தடுப்பு நீட்டிக்கொண்டிருக்கும் ஹெல்மெட் காலரில் தட்டும், அதையும் தவிர்க்கவும். ஆங்கரில் மாட்டும் கொக்கி பல வகை. குமிழ் மேல் சறுக்கிப் பூட்டுவது ஒன்று, ஊசி போலச் செருகிச் சிறு நாடாவை இழுத்தால் விடுபடுவது இன்னொன்று. கையுறையோடு பழகிப் பார்த்து எது எளிதோ அதை எடுங்கள். ஹெல்மெட்டிலும் வாரிலும் ஒரே வகை இருக்க வேண்டும். புழுதி நிறைந்த ராலியில் கொக்கியின் சுருள்வில்லுக்குள் மண் புகுந்து பாதி பூட்டி நிற்கும். பார்வைக்குப் பூட்டியதுபோலவே இருக்கும். ஒவ்வொரு நாளும் காற்றடித்துச் சுத்தம் செய்து, மாட்டியபின் இழுத்துப் பார்க்க வேண்டும்.

மாட்டும் வரிசை: உடைக்கு மேல் ஹான்ஸ், பிறகு ஹெல்மெட், இரு பக்க வார். இப்போதே தலையை ஒரு பக்கம் சாய்த்து எதிர்ப்பக்க வாரை விரலால் சுண்டி இழுக்கவும். சட்டென்று விறைத்து ஹெல்மெட்டையும் சேர்த்து இழுக்க வேண்டும். ரேடியோ வயரும் தண்ணீர்க் குழாயும் நுகத்துக்கு அடியில் மாட்டாமல் மேலே வரட்டும். பிறகு உள்ளே உட்கார்ந்து, முதலில் மடி பெல்ட்டை இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக, முடிந்தவரை இறுக்கமாக. அடுத்துக் கால் இடைப் பட்டை. தோள் பெல்ட் கடைசியில். தோள் பெல்ட்டை முதலில் இறுக்கினால் மடி பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும், மோதலில் உடம்பு அடியில் வழுக்கிப் போகும். இறுக்கியதும் ஆள்காட்டி விரலை நுகத்தின் உள்விளிம்பில் மேலிருந்து கீழே ஓட்டுங்கள். பெல்ட்டின் விளிம்பு எங்கும் புரண்டோ விளிம்பைத் தாண்டியோ தட்டுப்படக் கூடாது. இடப்பக்கம் முடித்து வலப்பக்கமும். ஒரு மூச்சு முழுசாக வெளியே விட்டு மறுபடி இழுத்தால் இன்னும் ஒரு விரலளவு வரும். அந்த ஒரு விரலளவுதான் வார் தலையைப் பிடிக்கும் நேரத்தை முன்னே கொண்டுவருவது.

காறை எலும்பு வலிக்கிறது என்று சொல்லி நுகத்துக்கு அடியில் தானாகப் பஞ்சு ஒட்டுவது பரவலாக இருக்கிறது. செய்யாதீர்கள். மெத்தென்ற பஞ்சு மோதலில் அமுங்கி அத்தனையும் பெல்ட் தளர்வாக மாறும். தயாரிப்பாளர் தரும் மெத்தையை மாற்றுங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் அளவு தவறு.

இறங்கும்போது பெல்ட்டைத் திறந்து, வாரைக் கழற்றாமல் அப்படியே வெளியே வர வேண்டும். தலையை அணைக்கும் இறக்கைகள் உள்ள சீட்டிலும், ஜன்னல் வலை உள்ள வண்டியிலும் காலர் தட்டும். நின்றுகொண்டிருக்கும் காரில் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை இறங்கிப் பழகினால் எந்தப் பக்கம் தோளைத் திருப்ப வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பக்கவாட்டு மோதலுக்கு ஹான்ஸ் போதாது. அதற்கு சீட்டின் தலை இறக்கைகள்தான் துணை. சாதாரண மூன்று முனை பெல்ட்டோடு இது வேலை செய்யாது, ஒரு தோளில் மட்டும் பட்டை இருந்தால் நுகம் திரும்பிப்போகும். பெல்ட்டே இல்லாத கார்ட் வண்டிக்கும் பயனில்லை. கழுத்தைச் சுற்றிப் போடும் பஞ்சு வளையத்தை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அது தலையை இழுத்துப் பிடிக்காது. பெல்ட் நழுவும் பயம் மிகுந்தவர்களுக்கு, உடம்பைச் சுற்றித் தன் சொந்தப் பட்டைகளால் கட்டிக்கொள்ளும் ஹைப்ரிட் வகை இருக்கிறது. தோள் பெல்ட்டை அவ்வளவு நம்பாது, ஆனால் போட்டுக் கழற்றக் கூடுதல் நேரம்.

பராமரிப்பு குறைவு, ஆனால் உண்டு. எஸ்.எஃப்.ஐ சான்றுள்ளதை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்பிப் புதுச் சான்று லேபிள் ஒட்டி வாங்க வேண்டும். வாரையும் அப்போதே மாற்றிவிடலாம். வாரின் துணி வெளுத்து, நூல் பிரிந்திருந்தால் தேதி பார்க்காமல் மாற்றவும். பலமான மோதலுக்குப் பிறகு வார், பெல்ட், ஹெல்மெட் மூன்றும் போக வேண்டியவை. நுகத்தைத் தயாரிப்பாளரிடம் காட்டிய பிறகே மறுபடி போடலாம். பழையது வாங்குவதானால் கால்கள் காலரோடு சேரும் வளைவை நல்ல வெளிச்சத்தில் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசலோ, வார்னிஷ் வெள்ளையாய்ப் பூத்த திட்டோ இருந்தால் வேண்டாம். எஸ்.எஃப்.ஐ அல்லது எஃப்.ஐ.ஏ (உலகக் கார் பந்தயக் கூட்டமைப்பு) 8858 சான்று லேபிள் கிழிந்திருந்தாலும் வேண்டாம், பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனையில் உள்ளே விடமாட்டார்கள். வளைவும் லேபிளும் நன்றாக இருந்தால் வாரை மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டு தாராளமாகப் போடலாம்.